துணையிழந்தோரும் துணைநிற்போரும்: மதுரை மிஷன் வரலாற்றிலிருந்து சில சிந்தனைகள்

திருச்சபை வரலாற்று நூல்களில் மரணம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இன்னார் இன்ன ஆண்டில் காலமானார். அவருடைய மனைவி தாயகம் திரும்பினார், அல்லது மறுமணம் செய்துகொண்டார் என்று எழுதிவிட்டு, வரலாற்றாசிரியர் அடுத்த நிலையம் தொடங்கப்பட்ட செய்திக்குச் சென்றுவிடுகிறார். ஆனால் சபையில் ஊழியம் செய்கிறவருக்கு அந்த ஒரு வரியே நெடுங்காலப் பணியின் தொடக்கமாகும். அடக்க ஆராதனை முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னர், கணவனையோ மனைவியையோ இழந்து தனித்திருப்பவரின் வாசலில் யார் நின்றார், என்ன சொன்னார், என்ன செய்தார் என்னும் கேள்விகள் வரலாற்றுக்கும் உரியவை. போதக ஊழியத்திற்கும் உரியவை. திண்டுக்கல்லையும் மதுரையையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் இணைக்கும் சில வாழ்க்கைகளைக் கொண்டு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தமிழ் மரபு காட்டும் இருநிலைகள்

துணையிழந்தோரின் துயரைத் தமிழிலக்கணம் தொன்றுதொட்டே தனித்துக் கண்டுள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையின் துறைகளுள் காதலியை இழந்த கணவனின் நிலையைத் தபுதார நிலை என்றும், காதலனை இழந்த மனைவியின் நிலையைத் தாபத நிலை என்றும் பெயரிட்டுக் கூறுகிறது. துயரம் பெண்ணுக்கு மட்டும் உரியது என்றோ, ஆண்மகன் அதை மறைத்துக்கொள்ள வேண்டும் என்றோ இலக்கணம் கருதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

புறநானூற்றில் இவ்விரு நிலைகளையும் அடுத்தடுத்துக் காண்கிறோம். 245ஆம் பாடலில் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, தன் மனைவியை ஈமத் தீயில் இட்ட பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி வியந்து வருந்துகிறான். 246ஆம் பாடலைப் பாடியவர் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவனோடு தீப்புக எழுந்த அவரைச் சான்றோர் தடுக்கின்றனர். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் தடுத்தனர். ஆயினும் அவ்வரசி அவர்கள்மீது சினங்கொள்கிறார். நெய்யில்லாச் சோற்றையும் வேளைக் கீரையையும் உண்டு, பாயின்றிப் பருக்கைக் கல்லின்மேல் துயிலும் கைம்மை வாழ்வு தமக்கு வேண்டாம் என்கிறார்.

இங்கு நாம் நின்று சிந்திக்கவேண்டும். சான்றோர் அவரைச் சாகாதே என்றனர். ஆனால் உயிரோடிருந்தால் எத்தகைய வாழ்வு அவருக்குக் கிட்டும் என்பதை அவர்கள் மாற்ற முன்வரவில்லை. அவர்கள் ஆறுதலைச் சொன்னார்களேயன்றி, ஆறுதலுக்கு இடந்தரும் வாழ்வை அமைத்துத் தரவில்லை. துக்கம் விசாரிக்கச் செல்லும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய சோதனை இது.

2. மதுரை, திண்டுக்கல் நிலையங்களின் தொடக்க ஆண்டுகள்

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஊழியர்களால் தொடங்கப்பெற்றது. 1835ஆம் ஆண்டளவில் திண்டுக்கல் அதன் அடுத்த நிலையமாயிற்று. மலைக்கோட்டையும் அதன் அடிவாரச் சந்தையும், சுற்றிலும் மானாவாரிப் புஞ்சை நிலங்களும் கொண்ட திண்டுக்கல் சீமை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. அன்று அவ்வூருக்கு இரயில் வண்டியில்லை. காலராவைத் தடுக்கும் வழியை மருத்துவர்களும் அறிந்திருக்கவில்லை.

அம்மிஷனின் தொடக்க ஆண்டுகளே துணையிழந்தோரின் வரலாறாகவும் அமைந்துவிட்டன. மதுரைக்கு முதலில் வந்தவர்களுள் ஒருவரான வில்லியம் டாட் 1835இல் தம் மனைவி லூசியை இழந்தார். பின்னர் அவர், 1834இல் கோயம்புத்தூரில் மறைந்த யாழ்ப்பாண ஊழியர் ஹென்றி உட்வர்டின் மனைவியாயிருந்த கிளாரிசாவை மணந்தார். கைம்மையடைந்த ஒருவரும் மனைவியை இழந்த ஒருவரும் அமைத்த அவ்வில்லறமும் நீடிக்கவில்லை; 1837இல் தேவிபட்டினத்தில் கிளாரிசா காலமானார். சில ஆண்டுகளுக்குள் இருமுறை மனைவியைப் பறிகொடுத்த டாட் 1839இல் இந்தியாவைவிட்டு நீங்கினார். இதனை ஊழியத்தில் தோல்வி என்று எழுதுவது எளிது. ஆனால் மனித உள்ளம் தாங்கக்கூடிய சுமைக்கும் ஓர் அளவுண்டு என்பதை அறிந்தவர் அவ்வாறு எழுதார்.

திண்டுக்கல் நிலையத்தில் பணியாற்றிய முற்கால ஊழியருள் ஒருவர் ராபர்ட் டுவைட். அவர் 1844இல் மதுரையில் காலராவினால் மரித்தார். அவருடைய மனைவி மேரி அந்நிய நாட்டில் கைம்பெண்ணானார். தாயகத்திற்குக் கடிதம் சென்று மறுமொழி வருவதற்குள் பல மாதங்கள் கடந்துவிடும் காலம் அது. பெற்றோரின் ஆறுதற் சொல்லைப் படிப்பதற்கு முன்பே அவர் தம் எதிர்காலத்தை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே அண்டை நிலையங்களில் வாழ்ந்த உடன் ஊழியரே, உறவினர் அல்லாத அந்த அறிமுகமானவர்களே, அவருக்குச் சுற்றமாயினர்.

3. வின்சுலோவின் இல்லம்

மேரி 1845இல் சென்னையில் பணியாற்றிய மைரன் வின்சுலோவை மணந்தார். தமிழ் கற்போர் அனைவரும் அறிந்த பேரகராதியின் ஆசிரியர் இவர். ஆனால் அவ்வகராதியைக் கையிலெடுப்போருள் அவர் இல்லத்தில் நேர்ந்த இழப்புகளை அறிந்தவர் மிகச் சிலரே.

வின்சுலோ தம் முதல் மனைவி ஹாரியட்டுடன் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்து உடுவிலில் ஊழியஞ் செய்தார். 1824இல் ஹாரியட் அங்கே தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி இன்றும் கல்லூரியாக நிலைத்திருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டிருந்த அவர்களுடைய மூத்த மகன் சார்ல்ஸ் 1832இல் அங்கே இறந்தான். 1833 ஜனவரியில் ஹாரியட்டும் காலமானார். 1835இல் வின்சுலோ காத்தரீனை மணந்தார். அவர் 1837இல் மரித்தார். 1838இல் ஆன் என்பவரை மணந்தார். அவர் 1843இல் மரித்தார். நான்காவதாக அவர் இல்லத்திற்கு வந்த மேரியும் 1852இல் மறைந்தார். 1857இல் எலன் என்பவரை மணந்த வின்சுலோ, 1862இல் அகராதியை வெளியிட்டு, 1864இல் தாயகம் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் உயிர்நீத்தார்.

இத்தனை மணங்களைக் கேட்டு நகைப்போரும் உண்டு. அது பொருந்தாது. அக்காலத்தில் இறப்பு எவ்வளவு அருகில் நின்றது என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று. எனினும் இவ்வரலாற்றிலிருந்து ஒருவர் அடுத்தவருக்குச் செய்யக்கூடிய மூன்று உதவிகளை நாம் அறிந்துகொள்ளலாம்.

முதலாவது, வேலையை ஏற்றுக்கொள்ளுதல். ஹாரியட் மறைந்தபின் வின்சுலோ பிள்ளைகளோடு அமெரிக்கா சென்றார். அவ்வாண்டிலேயே லீவை ஸ்பால்டிங்கும் அவர் மனைவியும் உடுவிலுக்கு வந்து நிலையத்தையும் பள்ளியையும் ஏற்றுக்கொண்டனர். துக்கத்திலிருப்பவன் கைவிட நேர்ந்த பணியை அயலான் ஓசையின்றி எடுத்து நடத்துவதும் ஆறுதலே.

இரண்டாவது, மறைந்தவரைப் பற்றிப் பேச இடங்கொடுத்தல். வின்சுலோ தம் முதல் மனைவியின் வாழ்க்கை வரலாற்றை 1835இல் நியூயார்க்கில் நூலாக வெளியிட்டார். தம் பேச்சில் அவர் பெயரைத் தவிர்க்காமல், எழுதி உலகுக்கு அறிவித்தார். நாமோ பலமுறை, நினைவூட்டினால் புண்படுவார் என்றெண்ணி மறைந்தவரின் பெயரையே சொல்லாது விடுகிறோம். நாம் சொல்லாவிட்டால் அவர் மறந்துவிடுவார் என்பது நம் அறியாமை.

மூன்றாவது, காலங்கொடுத்தல். அகராதிப் பணி யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் முதலியோர் தொடங்கியது. பலர் கைமாறி வின்சுலோவிடம் வந்து, 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு நிறைவெய்தியது. இடையில் நான்கு மனைவியரை அடக்கஞ்செய்த ஒருவர் அதனை முடிக்கும்வரை அவருடைய மிஷன் காத்திருந்தது.

4. தமிழ்ச் சபைகளில் கைம்பெண்

மிஷன் வட்டத்தில் கைம்பெண்ணான ஒருவர் மறுமணம் செய்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை. அதே காலத்தில் அவ்வூழியரிடம் உபதேசம் பெற்ற தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணின் நிலை வேறாயிருந்தது. இந்துக் கைம்பெண்களின் மறுமணத்திற்கு இடந்தந்த சட்டம் 1856இல் இயற்றப்பட்டது. கிறிஸ்தவ மார்க்கத்தில் தொடக்கமுதலே அத்தடை இல்லை. எனினும் சட்டமும் உபதேசமும் அனுமதித்ததைச் சாதி வழக்கம் அனுமதிக்கவில்லை. பூவும் வளையலும் நீக்குதல், மங்கல நிகழ்ச்சிகளில் பின்னே நிறுத்துதல் ஆகியவை ஞானஸ்நானத்தோடு மறைந்துவிடவில்லை.

இதற்கு முன்னரே, பாளையங்கோட்டையில் வேறொரு வரலாறு நிகழ்ந்திருந்தது. தஞ்சையைச் சேர்ந்த பிராமணக் கைம்பெண்ணான கிளாரிந்தா, தம்மை ஆதரித்த ஆங்கிலேய அதிகாரி லிட்டில்டனிடமிருந்து கிறிஸ்தவ உபதேசத்தை அறிந்தார். அவர் மணமின்றி அவ்வதிகாரியோடு வாழ்ந்தமையால், சுவார்ட்சு ஐயர் தொடக்கத்தில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல் ஞானஸ்நானம் கொடுத்தார். இருமுறை துணையிழந்த அப்பெண்மணி பாளையங்கோட்டைச் சபையின் தாயானார். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவர் வெட்டுவித்த கிணற்றை மக்கள் பாப்பாத்தி கிணறு என்றழைத்தனர். சபை அவரை இரக்கத்திற்குரியவராக மட்டும் வைத்திராமல், பொறுப்புக்குரியவராகவும் ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் கைம்பெண்கள் பலர் வேதாகமப் பெண்களாக வீடுதோறும் சென்று எழுத்தறிவும் உபதேசமும் புகட்டியமை இதன் தொடர்ச்சியாகும்.

5. திருமறையின் ஒளியில்

ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தை நாம் நிலம் வாங்கிய வரலாறாகவே பெரும்பாலும் வாசிக்கிறோம். அது மனைவியை இழந்த முதியவர் ஒருவருக்கும், உறவினரல்லாத ஊராருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலுமாகும். ஏத்தின் புத்திரர் ஆபிரகாமை மதிப்போடு அழைத்து, தங்கள் கல்லறைகளுள் சிறந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லுகின்றனர். ஆபிரகாமோ விலைகொடுத்தே பெற விரும்புகிறார். இறுதியில் எப்பெரோன் நானூறு சேக்கலைப் பெற்றுக்கொள்ளுகிறான். துயரிலிருப்பவர் எதனை இலவசமாய் ஏற்பார், எதனைத் தம் கையால் செய்ய விரும்புவார் என்பதை அவரே முடிவுசெய்ய விடுதலும் ஆறுதலின் ஒரு பகுதி.

யோபின் நண்பர் ஏழு நாள் பேசாது அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தபோது நல்ல நண்பராயிருந்தனர். துன்பத்தின் காரணத்தை விளக்கத் தொடங்கியபோது அவருக்குப் பாரமாயினர். யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, அங்கிருந்த விதவைகள் அவள் செய்துகொடுத்த ஆடைகளைப் பேதுருவுக்குக் காட்டி அழுதனர். பேதுரு அவர்கள் அழுகையைக் கடிந்துகொண்டதாக வேதம் கூறவில்லை.

6. இன்றைய ஊழியத்திற்குச் சில குறிப்புகள்

1985இல் தனி மாவட்டமான திண்டுக்கல்லில், நகரத்துச் சபையிலாயினும் சமவெளிக் கிராமச் சபையிலாயினும், இழவு வீட்டிற்கு அண்டை வீட்டார் சோறு சமைத்துக் கொண்டுவரும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் பதினாறாம் நாளுக்குப்பின் அவ்வடுப்பை நினைப்பவர் குறைவு. உறவினர் கலைந்தபின் அறிமுகமானவரின் கடமை தொடங்குகிறது. போதகர் தம் நாட்குறிப்பில் அடக்க நாளை மட்டுமல்ல, மூன்றாம் மாதத்தையும், மறைந்தவரின் பிறந்த நாளையும், அவர்களுடைய திருமண நாளையும் குறித்துக்கொள்வாராக. அந்நாள்களில் சென்று கால்மணி நேரம் அமர்ந்திருப்பது நீண்ட பிரசங்கத்தினும் மேலானது.

இறப்பை 21 நாள்களுக்குள் பதிவுசெய்யவேண்டும். பின்னர் வாரிசுச் சான்றிதழ், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு என்று அலுவலகங்களுக்குச் செல்லவேண்டியிருக்கும். கணவனே எல்லாவற்றையும் கவனித்துவந்த வீடுகளில் மனைவி தாலுகா அலுவலகப் படியை அன்றுதான் முதன்முறை மிதிப்பாள். உடன் செல்ல ஒருவர் வேண்டும். மனைவியை இழந்தவனோ அடுக்களையில் உப்பு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறதென்று அறியாது நிற்பான். அவனைப் பரிகசியாமல் கற்பிக்க ஒருவர் வேண்டும். மறுமணத்தைப்பற்றி அவசரப்படுத்துவதும் தவறு. அவர் தாமே விரும்புகையில் இழித்துப் பேசுவதும் தவறு.

சபையின் திருமணங்களிலும் வீடு பிரதிஷ்டைகளிலும் கைம்பெண் முன்வரிசையில் அமர்ந்து ஜெபிக்க அழைக்கப்படுகிறாளா? இக்கேள்விக்கு மறுமொழி பிரசங்கபீடத்திலிருந்து வருவதினும், ஆலயத்தின் இருக்கை வரிசைகளில்தான் வரவேண்டும். பெருங்கோப்பெண்டு சான்றோரிடம் எழுப்பிய வழக்கு இன்னும் தீரவில்லை. நம் சபையில் அடுத்த அடக்க ஆராதனை முடிந்த மறுநாள் காலை, அவ்வீட்டு வாசலில் நாம் என்ன செய்யப் புறப்படுகிறோம் என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்வோமாக.