படகை மறந்த மக்கள்



சென்ற வாரம் நூலக நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பழைய ஆங்கில இதழ் ஒன்றை விரித்துப் பிடித்தபடி என்னிடம் வந்தான். அதில் ஒரு படம். இலையுதிர்ந்த மரங்கள், கரையெல்லாம் வெண்பனி, நடுவே கருநிற நீரோடை. மஞ்சள் நிறக் கயாக் ஒன்றில் அமர்ந்திருந்த மனிதர், நீண்ட வாயுடைய மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். “ஐயா, இந்தக் குளிரில் இவ்வளவு சின்னப் படகில் போகிறாரே, கவிழ்ந்தால் செத்துவிடமாட்டாரா?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அன்று மணியடித்துவிட்டதால் சுருக்கமாகவே விடை கூறினேன். விரிவான விடை ஒரு நெடிய வரலாறு. ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்பதால் இங்கு எழுதுகிறேன்.

பனிக்காலக் கழியும் பிக்கரல் மீனும்

அந்தப் படம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடாப் பகுதியில் எடுக்கப்பட்டது. மேரிலாந்து மாநிலத்தில் செவர்ன், மகோதி முதலிய சிற்றாறுகள் அவ்விரிகுடாவில் கலக்கின்றன. அவற்றிலிருந்து கைவிரல்கள் போல் பிரியும் கழிகளில் கடல் ஓதம் நாள்தோறும் ஏறி இறங்கும். மேற்பகுதிகளில் நன்னீரும் உவர்நீரும் கலந்திருக்கும். அங்கு வாழ்வதே சங்கிலிப் பிக்கரல். பசும்பொன் நிற உடலில் சங்கிலிக் கண்ணிகளைப் போன்ற கரிய கோடுகள் ஓடுவதால் அப்பெயர் பெற்றது. நன்னீர் மீனாயினும் சிறிதளவு உப்பைத் தாங்கும். நீர்ப்புதரின் ஓரத்திலோ விழுந்த மரத்தின் நிழலிலோ அசையாமல் நின்று, சிறு மீன் அருகில் வந்ததும் அம்புபோல் பாய்ந்து கவ்வும்.

குளிர்காலத்தில் மற்ற மீன்கள் பல மந்தமாகி ஆழத்தில் ஒடுங்கும். பிக்கரலோ அப்போதும் இரை தேடும். குளிர்காலம் முடியும் தறுவாயில் நீர்ச்செடிகளின்மேல் முட்டைச் சரங்களை இட்டுச் செல்லும். எனவே அச்செடிகள் அழிந்தால் அதன் பிள்ளைத்தொட்டிலே அழிந்தது போலாகும். 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் வீசிய ஆக்னஸ் புயல் வண்டல் நீரைக் கொண்டுவந்து கொட்டியபோது விரிகுடாவின் நீரடிப் புல்வெளிகள் பெருமளவு அழிந்தன. பின்னர் பல ஆண்டு முயற்சியால் ஓரளவு மீண்டன.

பனிக்காலத்தில் வடமேற்குக் காற்று பலமாக வீசினால் கழியின் நீர் விரிகுடாவை நோக்கித் தள்ளப்பட்டு ஓடை வற்றிப்போகும். இயந்திரப் படகுகள் சேற்றில் தட்டும். சில அங்குல நீரிலும் மிதக்கும் கயாக்கோ ஓசையின்றி உள்ளே நுழையும். தூண்டில்காரர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கயாக் அந்த மண்ணின் படகன்று. செசபீக் கரையின் பூர்வகுடி மக்கள் பெருமரத்தின் நடுவைத் தீயால் கருக்கி, கிளிஞ்சல்களால் சுரண்டிக் குடைந்த ஓடங்களில்தான் மீன் பிடித்தார்கள். கயாக் அங்கு வந்த விருந்தாளி. அது புறப்பட்ட இடம் மரமே வளராத வடதுருவக் கரை.

உடுத்திக்கொள்ளும் படகு

வடதுருவ இனுயிட் மக்கள் தம் வேட்டைப் படகை ‘கயாக்’ என்றே அழைத்தனர். நாம் வழங்குவதும் அதே சொல்தான். கடல் கரை ஒதுக்கிய மரத்துண்டுகளே அதன் எலும்புக்கூடு. அவற்றைத் தோல்வாரால் கட்டி, சீல் எனப்படும் கடல்நாயின் தோலை மேலே போர்த்தினர். ஆண்கள் சட்டம் கட்ட, பெண்கள் தோலைத் தைத்தார்கள். ஊசி தோலை முழுதும் துளைக்காதவாறு பாதித் தடிப்பிலேயே ஓட்டி, நீர் புகாத தையலிட்டார்கள். ஒரு தையல் பிழைத்தால் கணவனோ மகனோ திரும்பி வரமாட்டான். அத்தகைய தையல் அது.

அளவுகோல் இல்லை. செய்பவனின் உடலே அளவு. விரித்த கைகளின் நீளம் இத்தனை, இடுப்பின் அகலத்தோடு கைமுட்டி இத்தனை என்றுதான் கணக்கு. ஆகவே ஒருவருடைய கயாக் மற்றவருக்குப் பொருந்தாது. கிரீன்லாந்தில் ‘துயிலிக்’ என்னும் தோல் மேலாடை உண்டு. அதை முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டுகளிலும் இறுக்கி, கீழ்விளிம்பைப் படகின் வாயோடு கட்டிவிடுவர். படகும் மனிதனும் ஒரே உடலாகிவிட, கவிழ்ந்தாலும் உள்ளே நீர் புகாது. துடுப்பை வீசித் தலைகீழ் நிலையிலிருந்து மீண்டும் நிமிர்ந்துவிடுவான்.

என் மாணவன் கேட்ட கேள்விக்கு முதல் விடை இதுவே. கவிழ்ந்தால் சாவு என்பதை அம்மக்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். அந்த அறிவைத்தான் அவர்கள் படகாகக் கட்டினார்கள்.

மறந்தவர்கள்

இனி இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

1818ஆம் ஆண்டில் ஜான் ராஸ் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையை அடைந்தார். அங்கு வெளியுலகம் அறியாத ஒரு சிறு மக்கள் கூட்டத்தைக் கண்டார். இன்று இனுகுயிட் என்று அழைக்கப்படுவோர் அவர்கள். ராசின் மொழிபெயர்ப்பாளரான ஜான் சக்கியூஸ், கயாக்கில் வல்லவரான ஒரு கிரீன்லாந்துக்காரர். அவர் பேச்சை அம்மக்கள் ஒருவாறு புரிந்துகொண்டனர். பாய்மரக் கப்பல்களை உயிருள்ள பெரும் பறவைகள் என்று எண்ணி, நீங்கள் சூரியனிலிருந்து வந்தீர்களா, நிலவிலிருந்து வந்தீர்களா என்று வினவினார்களாம்.

கடலோரத்தில் வாழ்ந்து, கடல் விலங்கையே உண்டு வந்த அம்மக்களிடம் ஒரு படகுகூட இல்லை. அவர்களுடைய முன்னோர்கள் கயாக் செலுத்தியவர்களே. இடையில் எங்கோ அக்கலை அறுந்துபோயிற்று. கொள்ளைநோய் ஒன்றில் மூத்தோர் மாண்டுபோக, செய்முறை அறிந்தவர் எவரும் எஞ்சவில்லை என்பது அவர்களிடையே வழங்கிவந்த செய்தி. கயாக் மட்டுமன்று, வில்லும் அம்பும் போயின. ஆற்று மீனைக் குத்திப் பிடிக்கும் கவை ஈட்டியும் போயிற்று. ஓடையில் மீன் ஓடியது, பிடிக்கும் கருவி இல்லை. மலையில் காரிபு மான் மேய்ந்தது, எய்யும் வில் இல்லை. பனிக்கட்டியின் விளிம்பில் காத்திருந்து வேட்டையாடியும், பாறைகளில் கூடு கட்டும் சிறு கடற்பறவைகளை வலைவீசிப் பிடித்தும் காலந்தள்ளினார்கள்.

அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கொடும் பனியில் உயிர் வாழும் திறம் அவர்களுக்கு நிறையவே இருந்தது. ஆயினும் எத்தனை அறிவாளியாலும், பார்த்திராத ஒரு கயாக்கைத் தனி ஆளாக மீண்டும் கண்டுபிடிக்க இயலவில்லை. ஒரு தலைமுறை கைமாற்றத் தவறியதை அடுத்தடுத்த தலைமுறைகளால் ஈடுசெய்ய முடியாமற்போயிற்று.

மீட்டுத் தந்தவர்கள் யார் தெரியுமா? புலம்பெயர்ந்து வந்தவர்கள்! கனடாவின் பாஃபின் தீவுப் பகுதியிலிருந்து கிட்லார்சுவாக் என்னும் முதியவரின் தலைமையில் ஒரு கூட்டம் 1850களில் புறப்பட்டது. நாய் இழுக்கும் சறுக்குவண்டிகளில் பல ஆண்டுகள் பயணம் செய்து, 1860களின் தொடக்கத்தில் இனுகுயிட் மக்களிடம் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்தது. கயாக் கட்டவும், வில் வளைக்கவும், கவை ஈட்டி செய்யவும் கற்றுக்கொடுத்தது. தாயகம் திரும்பும் வழியில் கிட்லார்சுவாக் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற கல்வி நிலைத்தது. இன்றும் அப்பகுதியில் நார்வால் திமிங்கிலத்தை முதலில் கயாக்கிலிருந்தே எறியீட்டியால் தாக்க வேண்டும் என்பது விதி.

உலகம் கற்றுக்கொண்டது

ஐரோப்பியர் இப்படகை விளையாட்டாகக் கையில் எடுத்தனர். 1865இல் ஜான் மக்கிரிகர் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் மரப்பலகையால் அதைப் போன்ற ஒன்றைச் செய்து ஐரோப்பிய ஆறுகளில் உலா வந்தார். 1905இல் ஆல்பிரட் ஹோய்ரிக் என்ற ஜெர்மானிய மாணவர் மடித்து எடுத்துச் செல்லும் கயாக்கை வடிவமைத்தார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கயாக் பந்தயங்கள் இடம்பெற்றன.

ஆனால் படகை எடுத்துக்கொண்டதுபோல் குளிரைப் பற்றிய அறிவை எளிதில் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நார்வே நாட்டு நான்சன் 1888-89இல் கிரீன்லாந்தில் தங்கி அம்மக்களிடமே கயாக் பயின்றவர். 1896 ஜூன் மாதம் துருவப் பயணத்தில், உணவும் துப்பாக்கிகளும் ஏற்றிய இரு கயாக்குகளும் கட்டவிழ்ந்து மிதந்து சென்றன. அவர் பனிநீரில் குதித்து நீந்திப் பிடித்தார். ஏறுவதற்குள் கைகால் மரத்து உயிர் போகும் நிலை. தப்பினார். ஆங்கிலேயரான கினோ வாட்கின்ஸ் கிழக்கு கிரீன்லாந்தில் கயாக்கில் நன்கு தேர்ந்தவர். 1932 ஆகஸ்டு 20ஆம் நாள் தனியே சீல் வேட்டைக்குச் சென்றார். படகு மட்டும் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 25.

நம் வட்டாரத்திலும் இப்படகுக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1943 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, நேசநாட்டு வீரர் அறுவர் மூன்று மடிப்புக் கயாக்குகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் புகுந்து, ஜப்பானியக் கப்பல்களில் காந்த வெடிகளைப் பொருத்தித் தப்பினர். செய்தது யாரென அறியாத ஜப்பானியக் காவற்படை, அக்டோபர் 10ஆம் நாள் முதல் பொதுமக்களையும் சிறைக்கைதிகளையும் பிடித்து வதைத்தது. 57 பேர் பிடிபட்டனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். சிங்கப்பூர் வரலாற்றுப் பாடத்தில் ‘இரட்டைப் பத்து நிகழ்வு’ என்று பயில்வது இதையே.

இரண்டாம் மறதி

இருபதாம் நூற்றாண்டில் மேற்கு கிரீன்லாந்தின் கடல்நீர் சற்று வெப்பமடைந்தது. சீல்கள் குறைந்து காட் மீன்கள் பெருகின. வேட்டைக்காரர்கள் மீனவரானார்கள். இயந்திரப் படகுகள் வந்தன. பிள்ளைகளுக்குக் கயாக் கற்பிக்கத் தேவை ஏற்படவில்லை. உலகெங்கும் அச்சொல் பரவியபோது, அச்சொல்லைத் தந்த கரையில் அப்படகு அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கத் தொடங்கியது.

1980களில் இளைஞர்கள் விழித்துக்கொண்டனர். எஞ்சியிருந்த முதியவர்களைத் தேடிச் சென்று கற்றனர், கயாக் சங்கங்களை நிறுவினர், ஆண்டுதோறும் போட்டி நடத்தினர். அப்போட்டியில் கவிழ்ந்து நிமிரும் முறைகள் மட்டும் முப்பதுக்கும் மேல். துடுப்பு கைநழுவினால் ஒரு முறை, கை கயிற்றில் சிக்கினால் ஒரு முறை, எறியீட்டிப் பலகை மட்டும் கையிலிருந்தால் வேறொரு முறை. ஒவ்வொரு முறையும் எப்போதோ யாருக்கோ கடலில் நேர்ந்த ஆபத்துக்கு அவர்கள் கண்ட விடை. இம்முறை முதியவர்கள் உயிரோடு இருந்தார்கள். அதனால் பிழைத்தது.

மீண்டும் அந்த ஓடைக்கு

1970களில் நெகிழிக் கயாக்குகள் வந்தன. உள்ளே நுழையாமல் மேலேயே அமரும் வகையும் வந்தது. 1997இல் காலால் மிதித்துச் செலுத்தும் பொறியும் சந்தைக்கு வந்தது. தூண்டில்காரரின் கைகள் விடுதலை பெற்றன. இன்று எவரும் ஒரு கயாக்கை வாங்கலாம். தையற்காரியும் வேண்டாம், உடலளவும் வேண்டாம்.

ஆனால் குளிர் மாறவில்லை. ஐந்து பாகை வெப்பமுள்ள நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் நிற்காது. ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கைகால் வலுவிழக்கும். ஒரு மணி நேரத்துக்குள் உணர்வு போகும். ஆகவேதான் அறிந்த தூண்டில்காரர் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகிய நீர்புகா உடையும் மிதவைச் சட்டையும் அணிந்தே பனிக்காலக் கழியில் இறங்குகிறார். அந்த உடை வேறொன்றுமில்லை, பழைய துயிலிக்தான். படகை மட்டும் வாங்கி உடையை மறந்தவருக்குக் கேடு நேர்கிறது.

மறுநாள் அம்மாணவனிடம் இதையெல்லாம் கதையாகச் சொன்னேன். கேட்டு முடித்துச் சற்று நேரம் யோசித்தான். “ஐயா, தாத்தாக்கள் எல்லாரும் சாகாமல் இருந்திருந்தால் மறந்திருக்கமாட்டார்கள் இல்லையா?” என்றான். “இருந்தும் கேட்காமல் இருந்தால் மறந்துதான் போகும்” என்றேன்.

‘கட்டுமரம்’ என்னும் நம் சொல்லும் கயாக்கைப் போலவே உலக மொழிகளில் ஏறிய சொல். இன்று அச்சொல்லால் பிறர் குறிக்கும் இரட்டை உடல் கப்பலுக்கும், மரங்களைக் கயிற்றால் பிணைத்த நம் கட்டுமரத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. சொல் உலகைச் சுற்றிவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்கையில் பொருள் கையைவிட்டுப் போய்விடக்கூடும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர் கைக்குத் தெரிந்த ஒன்றை இந்தப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அருகில் உட்கார்ந்து கற்கட்டும். பால்மரம் சீவிய விதமாயிருக்கலாம், ஓலை முடையும் விதமாயிருக்கலாம், தூண்டிலில் முள் கட்டும் விதமாயிருக்கலாம். பள்ளி திறந்ததும் அதை வகுப்பில் செய்து காட்டச் சொல்லப்போகிறேன்.

அன்புடன் விடைபெறுகிறேன். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.