கட்டங்களுக்குள் ஒரு வகுப்பறை

ஆரணியில் பட்டுச் சேலையின் கரையில் ஓர் அன்னம் தோன்றுவதற்கு முன், அது கட்டத்தாளில் பிறக்கிறது. சின்னஞ்சிறு கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி ஒருவர் அதன் உருவை வரைகிறார். அதன்படி அட்டைகளில் துளையிடுகிறார்கள். தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு, அத்துளைகளுக்கேற்பப் பாவு நூல்களைத் தூக்குகிறது. எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை வெறுமையாக விடுவது என்பதிலேயே உருவம் அமைகிறது. பள்ளி நினைவுகளைச் சித்திரத் தொடராக வரைந்தவர்களின் கலையும் ஏறத்தாழ இதுவே.

அமெரிக்க ஓவியர் பாப் மொன்டானா, 1930களின் பிற்பகுதியில் ஹேவரில் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். 1941இல் அவர் கைவண்ணத்தில் வெளிவந்த 'ஆர்ச்சி' கதைகளில் அப்பள்ளியின் சாயலே படிந்திருந்தது. 1946இல் அது நாளிதழ்த் தொடராயிற்று. 1975இல் தாம் இறக்கும்வரை அவர் அதை வரைந்துவந்தார். அவருக்கு வயது ஏறியது; அவருடைய மாணவர்களுக்கு ஏறவில்லை.

மலேசிய ஓவியர் லாட், தம் சிற்றூர் இளமையை 1979இல் 'கிராமத்துச் சிறுவன்' எனும் பொருள்படும் படநூலாக்கினார். 1981இல் வந்த அடுத்த நூலில், ஈப்போ நகரப் பள்ளிப் பருவம் விரிகிறது. ஒரு மலாய்ச் சிறுவனும் ஒரு சீனச் சிறுவனும் இசைத்தட்டுக் கேட்டு நண்பர்களாகும் கதை அது. 1969இல் இனக்கலவரம் கண்ட நாட்டில் அந்த எளிய நட்பைப் பதிந்து வைத்தது சிறு செயலன்று.

நம் நாட்டில் மரியோ மிராண்டாவை நினைவுகூரலாம். 1926இல் பிறந்த இந்தக் கோவா கத்தோலிக்கர், சிறுவயதில் வீட்டுச் சுவரெல்லாம் வரைந்தார். அவர் தாய் கடிந்து கொண்டதோடு விட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அவரோ ஒரு வெற்று நோட்டை வாங்கித் தந்தார். அதுவே படங்களால் எழுதிய நாட்குறிப்பாயிற்று. பெங்களூர் புனித சூசையப்பர் பள்ளியில் படித்தவர் மரியோ. குருக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து பள்ளியில் வம்பில் மாட்டிக்கொண்டதும் உண்டு. ஆயினும், கோவாவின் குருக்களும் ஊர்மக்களும் அவர் கோடுகளில் இறுதிவரை அன்போடுதான் உலவினர். நகைப்பில் நஞ்சு கலவாதிருந்தால் நினைவு பகையாக மாறுவதில்லை.

நம் மாணவர்களுக்கும் சித்திரக்கதை புதிதன்று. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் முத்து காமிக்ஸ் தொடங்கியபின், பாடநூலுக்குள் அதை ஒளித்துப் படித்த தலைமுறை ஒன்று உண்டு. ஆனால் கட்டங்களில் வந்தவர்கள் பெரும்பாலும் அயல்நாட்டு வீரர்கள். நம் வகுப்பறைக்கு அங்கே இடமிருக்கவில்லை.

பட்டு நெய்யும் ஊர்களில் வகுப்பறையை வரையத் தொடங்கினால், ஒரு கட்டம் நம்மைத் தடுத்து நிறுத்தும். உடலும் கரையும் இருவேறு நிறமான கோர்வைச் சேலைக்கு, மறுபக்கக் கரையில் நாடா எறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல காலம் ஒரு சிறுவனுடையதாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பட்டுத்தொழிலில் உழைப்பதை, கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் ஆய்ந்து, மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி என்னும் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எத்தனை பெயர்கள் வருகைப்பதிவேட்டில் அடிக்கப்பட்டிருக்கும்!

ஐந்தாம் வகுப்பில் நம் தோளுரசி அமர்ந்து, எட்டாம் வகுப்பில் காணாமற்போன ஒரு முகம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். வகுப்புப் புகைப்படத்தில் அவன் இல்லை. பழைய மாணவர் சங்கத்துக்கு அவனை யாரும் அழைப்பதில்லை. புகைப்படக் கருவி வந்தவரைத்தான் பிடிக்கும். பென்சிலுக்கோ வராதவனையும் பெஞ்சில் உட்கார வைக்க முடியும்.

ஓய்வுபெற்ற அன்பர்கள் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து தம் பள்ளியை வரைந்து பார்க்கலாம். கோடு கோணலாயிருந்தால் குற்றமில்லை. ஆசிரியரின் பிரம்பையும் மணியடிக்கும் தாத்தாவையும் வரைந்தபின், அவனுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். "இது யார், தாத்தா?" என்று பிள்ளை கேட்கும்போது, அவன் பெயரைச் சொல்லுங்கள்.