முடிந்தபின் வந்தவையும் வந்தபின் முடிபவையும்

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அலமகோர்டோ நகரின் பழைய குப்பைமேட்டைத் தோண்டினார்கள். 1983இல் அட்டாரி நிறுவனம் அங்கே புதைத்த வீடியோ விளையாட்டுக் கார்ட்ரிட்ஜுகள் நசுங்கிய நிலையில் வெளிவந்தன. 'ஈ.டி.' திரைப்படத்தின் பெயரைத் தாங்கிய விளையாட்டும் அவற்றுள் இருந்தது. 1982ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா விற்பனையைத் தவறவிடக் கூடாதென்று, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் ஒருவரே ஏறத்தாழ ஐந்து வாரங்களில் அதன் நிரலை எழுதி முடித்தார். அளவு வெறும் 8 கிலோபைட். பெரும்பணம் விளையாட்டை உருவாக்குவதற்கன்று, திரைப்படத்தின் உரிமையைப் பெறுவதற்கே செலவாயிற்று!

கார்ட்ரிட்ஜின் இயல்பை நாம் இங்கே கருத வேண்டும். அதனுள் இருக்கும் சில்லில் நிரல் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். பெட்டி தொழிற்சாலையைக் கடந்துவிட்டால், ஆக்கியவரே நினைத்தாலும் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. தரமற்றவை சந்தையில் பெருகி, 1983இல் வட அமெரிக்காவில் அத்தொழிலே சரிந்தது. 1985இல் அங்கு வந்த ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், தன் அனுமதி பெறாத விளையாட்டுகளை இயங்கவிடாமல் தடுக்கும் பூட்டுச் சில்லு ஒன்றைத் தன் கருவியில் வைத்தது. பிற நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளையே வெளியிடலாம் என்றும் வரையறுத்தது. கடுமையான விதிதான், வணிக ஆதாயமும் அதில் கலந்திருந்தது. ஆயினும் முடித்துவிட்டு வெளியிடுக என்னும் ஒழுக்கத்தை அது வளர்த்தது.

வெளியீட்டு நாளே விழாவாக மாறியது பின்னர்தான். 1992 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமையன்று சேகா நிறுவனம் 'சோனிக் 2'ஐ வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரே நாளில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2004 நவம்பர் 9இல் வெளிவந்த 'ஹேலோ 2'க்காக மக்கள் நள்ளிரவில் கடைகளின் முன் வரிசையில் நின்றார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக அன்று 12.5 கோடி டாலர் விற்பனை.

2005க்குப் பின் வந்த தலைமுறையில் இணைய இணைப்பும் வன்தட்டும் கன்சோலில் பரவலாயின. விற்ற பின்னரும் திருத்தம் அனுப்பலாம் என்ற நிலை வந்தது. தவறியதைத் திருத்த வாய்ப்பளிப்பதை நாம் எவ்வாறு குறைகூற இயலும்? ஆனால் அந்த வாய்ப்பை நம்பியே அரைகுறையாக விற்பது வேறு.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2012இல் அறிவித்த 'சைபர்பங்க் 2077' மும்முறை தள்ளிவைக்கப்பட்டு, 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. இறுதி வாரங்களில் பணியாளர்கள் வாரத்தில் ஆறு நாள் உழைக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு கட்டாயப்படுத்துவதைத் தவிர்ப்போம் என்று முன்பு சொன்னதும் அதே நிறுவனந்தான். இத்தனைக்கும் பிறகு, பழைய தலைமுறைக் கன்சோல்களில் அது தடுமாறித் தடுமாறி ஓடியது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில் அது அங்கே மீண்டது. 2023இல் பாராட்டும் பெற்றது. வார்ஷாவுக்கு ஐந்து வாரம், இவர்களுக்கு எட்டாண்டு. இரண்டிலும் வேலையை முந்திக்கொண்டு தேதி வந்து நின்றது.

செலவும் காலமும் பெருகப் பெருக, வெளியீடுகள் அருகின. பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரும் விளையாட்டுகள் வந்தன. 2013இல் வந்த அவ்வரிசையின் ஐந்தாம் பாகமோ மூன்றே நாளில் 100 கோடி டாலர் ஈட்டியது. அதையே 2014இலும் 2022இலும் அடுத்தடுத்த கன்சோல்களுக்கு மீண்டும் விற்றார்கள். அதன் உள்ளடக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை என்பது வேறு செய்தி.

2024 ஆகஸ்ட் 23இல் சோனி வெளியிட்ட 'கான்கார்ட்' இரு வாரங்களே நிலைத்தது. வாங்குவோர் போதவில்லை, செப்டம்பர் 6இல் சர்வர்களை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். தட்டை வாங்கியவரிடம் தட்டு இருக்கிறது. அது இணைய வேண்டிய சர்வர்தான் இல்லை. அலமகோர்டோவில் தோண்டியெடுத்த 'ஈ.டி.' கார்ட்ரிட்ஜ் ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. புதைக்கப்படாமல் தப்பியவற்றை 1977இன் அட்டாரிக் கருவியில் செருகினால், குறைகள் அனைத்தோடும் அந்த விளையாட்டு இன்றும் தொடங்குகிறது.