அம்புச் சூதிலிருந்து ஆகாய விமானச் சூது வரை

அறபு மொழியில் ‘யுஸ்ர்’ என்றால் எளிமை. ‘உஸ்ர்’ என்றால் கடினம். திருமறை ஓதத் தொடங்கிய சிறு பிள்ளையும் ‘அலம் நஷ்ரஹ்’ அத்தியாயத்தில் இவ்விரு சொற்களையும் அடுத்தடுத்துக் கண்டிருக்கும். அந்த ‘யுஸ்ர்’ பிறந்த அதே வேரிலிருந்துதான் சூதாட்டத்தைக் குறிக்கும் ‘மைஸிர்’ என்னும் சொல்லும் பிறந்தது என்பர் அகராதி ஆசிரியர் பலர். உழைப்பின்றி எளிதில் வந்து சேரும் பொருள் என்பது ஒரு விளக்கம். அறுத்த ஒட்டகத்தைக் கூறு கூறாகப் பங்கிடுதல் என்பது மற்றொன்று. மொழியறிவு தரும் சான்றுகளை நோக்கின் இரண்டாவதும் வலுவுடையதே. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது முதல் விளக்கமே.

இச்சொல்லாராய்ச்சியில் நான் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் சில ஆண்டுகள் அறபு இலக்கணம் பயின்று, பின்னர் வெளியூரில் வேலைக்கு அமர்ந்த மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் வந்து என் அருகில் அமர்ந்தார். தங்கையின் நிக்காஹுக்கென்று சேர்த்துவைத்த பணத்தில் எழுபதாயிரத்துக்குச் சற்று அதிகமான தொகையைக் கைபேசிச் சூதாட்டம் ஒன்றில் இழந்துவிட்டதாகச் சொன்னார். அது ஹலாலா ஹராமா என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு. “உஸ்தாத், அந்த விளையாட்டில் ஏமாற்று இல்லை. ஒவ்வொரு சுற்றும் முடிந்த பின் அது நேர்மையாக நடந்ததா என்று நாமே கணக்கிட்டுப் பார்க்க வழி வைத்திருக்கிறார்கள். பல தடவை பார்த்தேன், ஒருமுறைகூடப் பிசகவில்லை. அப்படியானால் என் பணம் எங்கே போயிற்று?”

கேள்வி கணக்கைப் பற்றியது. எனக்கோ ஃபராயிளு என்னும் பாகப்பிரிவினைக் கணக்குக்கு அப்பால் பயிற்சி குறைவு. விடை தேடச் சில மாதங்கள் பிடித்தன. தேடும்போது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஜாஹிலிய்யாக் காலத்து அறபிகள் ஆடிய மைஸிரின் முறையை விரிவாக அறிய விரும்புவோர், ஹிஜ்ரி 276-ல் மறைந்த இப்னு குதைபா எழுதிய ‘கிதாபுல் மைஸிர் வல்கிதாஹ்’ என்னும் நூலை நாடுவர். கவிதைகளில் சிதறிக்கிடந்த குறிப்புகளைத் திரட்டி அந்த ஆட்டத்தை விளக்க முயன்ற நூல் அது. குளிர்காலத்தில், பஞ்சம் வாட்டும் நாட்களில், வசதி படைத்தோர் ஒன்றுகூடி ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அறுப்பர். இறகில்லாத பத்து அம்புகள் ஒரு பையில் இடப்படும். அவற்றுள் ஏழுக்குப் பங்கு உண்டு. ஃபத்துக்கு ஒன்று, தவ்அமுக்கு இரண்டு, ரகீபுக்கு மூன்று, ஹில்ஸுக்கு நான்கு, நாஃபிஸுக்கு ஐந்து, முஸ்பிலுக்கு ஆறு, முஅல்லாவுக்கு ஏழு. மொத்தம் 28 பங்கு. எஞ்சிய மூன்றும் வெற்று அம்புகள். மனீஹ், ஸஃபீஹ், வக்த் என்பன அவற்றின் பெயர்கள். அவற்றை எவரும் எடுத்துக்கொள்வதில்லை. பையின் எண்ணிக்கையைப் பெருக்கவே அவை சேர்க்கப்பட்டன. ஒட்டகம் பத்துக் கூறாக்கப்பட்டது என்போரும், 28 கூறாக்கப்பட்டது என்போரும் உளர்.

அம்பு உருவுபவன் தேர்ந்தெடுக்கும் வழியில்லாதபடி பார்த்துக்கொண்டனர். அவனைக் கவனிக்க ஒரு கண்காணிப்பாளனும் இருந்தான். எவனுடைய அம்பு வெளிவந்ததோ அவன் இறைச்சியைப் பெற்றான். வராதவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுத்தார்கள். வென்ற இறைச்சியைத் தானே உண்பது இழுக்கு. ஏழைகளுக்கு வழங்கி அதனைக் கவிதையில் பாடிப் பெருமைகொள்வதே வழக்கம். ஆட்டத்தில் சேராதவனுக்கு ‘பரம்’ என்று பெயர். கஞ்சன் என்னும் பொருளில் வசையாக அது வழங்கிற்று. இன்றும் ஒரு காரியத்தில் பெரும்பங்கு ஒருவருக்கு உண்டென்றால், ‘முஅல்லா அம்பு அவருடையது’ என்று அறபிகள் சொல்வதுண்டு. ஆட்டம் மறைந்தது, சொல் மறையவில்லை.

அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் மதுவையும் மைஸிரையும் சேர்த்துக் கூறுமிடத்தில், மனிதர்க்கு அவற்றில் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொண்ட பின்னரே, பாவம் பயனிலும் பெரிதென்று தீர்ப்பளிக்கிறது. அந்தப் பயன் யாதென்று விரிவுரையாளர்கள் கேட்டபோது, ஏழைகளுக்குச் சென்ற இந்த இறைச்சியும் நினைவில் வந்தது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் முற்றிலும் விலக்கின. இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுண்டு: அந்த ஆட்டத்தில் தோற்றவர் இருந்தார், வென்றவர் இருந்தார், ஆனால் இருவருக்கும் நடுவே அமர்ந்து, யார் வென்றாலும் தோற்றாலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் கடைக்காரன் ஒருவன் இல்லை.

அந்தக் கடைக்காரனை ஐரோப்பாவில் தெளிவாகக் காண்கிறோம். 1638-ல் வெனிஸ் நகர ஆட்சி, ‘ரிதோத்தோ’ என்னும் சூதாட்ட மாளிகைக்கு அனுமதி வழங்கியது. அங்கே ஆட்டக்காரர் ஒருவரோடொருவர் ஆடவில்லை. மேசையின் மறுபுறம் பணப்பையுடன் அமர்ந்த பிரபுவை எதிர்த்து ஆடினர். சீட்டாட்ட விதிகள் அந்தப் பணப்பையின் பக்கமே சற்றுச் சாய்ந்திருந்தன. எத்தனையோ குடும்பங்கள் நொடித்த பின், 1774-ல் அரசே அதனை மூடியது.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையேதான் வாய்ப்பின் கணிதம் பிறந்தது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற வினாவைப் பற்றி, 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டனர். 1713-ல் நிக்கோலஸ் பெர்னூலி ஒரு விந்தையான ஆட்டத்தைப் பற்றி எழுதினார். 1738-ல் அவருடைய உறவினர் தானியல் பெர்னூலி, ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் கழக வெளியீட்டில் அதனை ஆராய்ந்தார். நாணயத்தைச் சுண்டுகிறோம், தலை விழும்வரை ஒவ்வொரு தடவையும் பரிசு இரட்டிக்கிறது. பரிசு இரட்டிக்கும்போது அதை அடையும் வாய்ப்பு பாதியாகிறது. பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு படியின் மதிப்பும் சமம். தாளில் அந்த ஆட்டத்தின் மதிப்பு எல்லையற்றது. ஆனால் அதற்குப் பெருந்தொகை கொடுத்து ஆட அறிவுடையோர் எவரும் முன்வரார். இதனைப் பீட்டர்ஸ்பர்க் புதிர் என்பர். என் மாணவரின் கைபேசிக்குள் புகுந்திருந்தது ஏறக்குறைய இந்தப் புதிரேதான்.

2009-ல் பிட்காயின் என்னும் மின்பணம் தோன்றியது. அதைக்கொண்டு ஆட 2014-ல் ‘மணிபாட்’ என்னும் ஆட்டம் வந்தது. பின்னர் அது ‘பஸ்டாபிட்’ என்று பெயர் மாறியது. திரையில் ஒரு கோடு மேலேறுகிறது. 1 என்று தொடங்கிய பெருக்கெண் 1.20, 1.50, 2, 3 என்று வளர்கிறது. எந்த நொடியிலும் அது உடைந்து விழலாம். உடைவதற்கு முன் பொத்தானை அழுத்தினால் கட்டிய பணம் அந்த எண்ணால் பெருக்கப்பட்டுக் கைக்கு வரும். பிந்தினால் எல்லாம் போயிற்று. 2019-ல் ஜார்ஜியா நாட்டு ‘ஸ்ப்ரைப்’ நிறுவனம் கோட்டுக்குப் பதில் ஒரு சிறு சிவப்பு விமானத்தைப் பறக்கவிட்டு ‘ஏவியேட்டர்’ என்று பெயரிட்டது. அதன் பின்னரே இந்தச் சூது நாடு நாடாகப் பரவியது.

பறக்கும்போது விமானம் எங்கே மறையும் என்று இயந்திரம் யோசிப்பதில்லை. சுற்று புறப்படும் முன்பே முடிவு உறுதியாகிவிடுகிறது. பஸ்டாபிட்டில் ஒரு கோடி சுற்றுகளுக்கான இரகசிய எண்களை முன்கூட்டியே சங்கிலியாகக் கோத்துவைத்தார்கள். ஒரு எண்ணை ‘ஹாஷ்’ என்னும் கணிதச் சூத்திரத்தில் இட்டால் அடுத்த எண் வரும். வந்த எண்ணிலிருந்து முந்தியதைக் கண்டுபிடிக்க முடியாது. சங்கிலியின் கடைசி வளையத்தை முதலில் வெளியிட்டுவிட்டுப் பின்னோக்கி ஆடிக்கொண்டு வருவர். ஆகவே, ஒவ்வொரு சுற்றின் எண்ணும் வெளிவந்தவுடன், அதைச் சூத்திரத்தில் இட்டு முன் வெளியானதோடு ஒத்திருக்கிறதா என்று எவரும் பார்க்கலாம். அரக்கு முத்திரையிட்ட உறையை எல்லோர் முன்னும் வைத்துவிட்டுப் பிறகு பிரிப்பது போன்றது இது. ஏவியேட்டரில் நிறுவனத்தின் இரகசிய எண்ணோடு, அச்சுற்றில் முதலில் பணம் கட்டும் மூவரின் எண்களும் கலக்கப்படுகின்றன. அடுத்த முடிவை முன்னறிந்து சொல்வதாகக் காசு வாங்கிக்கொண்டு செயலி விற்போர் பொய்யர் என்பதற்கு இதுவே சான்று. எண்களைக் குறிக்கும் ‘சைபர்’ என்ற சொல்லும் மறையெழுத்தைக் குறிக்கும் அதே சொல்லும் நம் அறபின் ‘ஸிஃப்ர்’ வழி வந்தவை; மறையெழுத்தைப் பிரித்தறியும் முறையை முதலில் எழுதிவைத்தவர்களுள் அல்கிந்தி தலைசிறந்தவர். அந்தக் கலை கடைசியில் எந்தக் கடையில் வந்து நிற்கிறது பாருங்கள்!

ஆக, முத்திரை உண்மையானது. ஆனால் அந்த முத்திரை உறுதிசெய்வது, உறைக்குள் உள்ள எண் மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே. எண்கள் எந்த விகிதத்தில் வார்க்கப்பட்டன என்பது ஒளிவுமறைவின்றி விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது; அதைப் படிப்பார் இல்லை. ஏவியேட்டரில், கட்டப்படும் தொகையில் நீண்ட கணக்கில் நூற்றுக்கு 97 திரும்பும் என்கிறார்கள். பஸ்டாபிட்டில் 99. அதன் பொருள் இது: பெருக்கெண் இரண்டை எட்டும் வாய்ப்பு 100-ல் 50 அன்று, 48.5. பத்தை எட்டும் வாய்ப்பு 9.7. நூறை எட்டுவது 0.97. எந்த எண்ணில் பொத்தானை அழுத்தினாலும், எண்ணையும் வாய்ப்பையும் பெருக்கினால் 97 என்றே வரும். பொறுமையாளனுக்கும் அவசரக்காரனுக்கும் ஒரே விலை.

இதில் வியப்பூட்டும் ஒரு நுட்பம் உண்டு. விமானம் புறப்பட்டுப் பறக்கத் தொடங்கிய பின் ஆட்டம் சமநிலையானது. 2-ல் இருப்பது 4-ஐ எட்ட வாய்ப்பு சரிபாதி. 5-ல் இருப்பது 10-ஐ எட்டவும் சரிபாதி. கடைக்காரனின் பங்கு முழுவதும் புறப்படும் இடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. 100 சுற்றில் ஏறத்தாழ 3 சுற்று, மேலெழும்பாமலே 1-ல் முடிகிறது. கை பொத்தானுக்குப் போகும் முன் ஆட்டம் முடிந்திருக்கும். ஆட்டக்காரன் கண் கொட்டாமல் பார்த்து, பதறி, துணிந்து, அஞ்சி அழுத்தும் அத்தனை நொடிகளும் நேர்மையானவை. கொள்ளை அதற்கு முன்பே நடந்தாயிற்று. மூன்று வெற்று அம்புகள் என் நினைவுக்கு வந்தன. ஆனால் அங்கே அவை எவருக்கும் சொந்தமில்லை. இங்கே சொந்தக்காரர் உண்டு.

தோற்றால் இருமடங்கு கட்டி மீட்கலாம் என்ற பழைய தந்திரத்தையும் மாணவர் முயன்றிருக்கிறார். 100 ரூபாயில் தொடங்கி, இரண்டில் அழுத்துவதென்று இரட்டித்துக்கொண்டே போனால், தொடர்ந்து 10 தோல்விக்குப் பின் இழந்தது 1,02,300 ரூபாய். அடுத்துக் கட்ட வேண்டியது 1,02,400. பத்தும் தோற்பது ஏறத்தாழ 760-ல் ஒரு முறை நேரும். அரிதுதானே என்று தோன்றும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று ஆடுபவனுக்கு மணிக்கு 120 சுற்று. அந்த ‘அரிது’ வெகுதூரத்தில் இல்லை.

தமிழக அரசு 2022-ல் அவசரச் சட்டத்தாலும், 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சட்டத்தாலும் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் திறன் ஆட்டமெனக் கருதி அத்தடையிலிருந்து விலக்கியது. வெறும் வாய்ப்பைச் சார்ந்த ஆட்டங்களுக்கான தடை நின்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறனா வாய்ப்பா என்ற வழக்கையே ஒதுக்கி, பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டம் அனைத்தையும், அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. கடல் கடந்து நடத்தப்படும் தளங்களுக்குச் சட்டத்தின் கை எவ்வளவு எட்டும் என்பது வேறு கேள்வி.

மாணவர் மறுபடி வந்தபோது இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். “நூற்றுக்கு மூன்றுதான் என்றால் நான் இழந்திருக்க வேண்டியது சொற்பமல்லவா?” என்றார். எத்தனை சுற்று ஆடினீர்கள் என்று கேட்டேன். கைபேசியில் தேடிப் பார்த்தார், 4,000-க்கு மேல். சராசரியாக ஒரு சுற்றுக்கு 500 ரூபாய். பெருக்கினால் 20 இலட்சம்.

“என் கையில் ஒருபோதும் இருபது இலட்சம் இருந்ததில்லையே, உஸ்தாத்!”

இருந்ததில்லைதான். அதே பணம் வந்து வந்து திரும்பப் போயிருக்கிறது. போகும்போதெல்லாம் மூன்று கழிந்திருக்கிறது. 20 இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று வீதம் 60,000. எஞ்சிய பத்தாயிரத்துச் சொச்சத்தை மட்டும் அவருடைய துரதிருஷ்டம் என்று சொல்லலாம். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தங்கையின் நிக்காஹ் ரஜபிலிருந்து ஷவ்வாலுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.