பிளஷர் காருக்கு மாற்று இதயம்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் துவாக்குடியைக் கடந்து சென்றிருப்பீர்கள். திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலைக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள் அங்கே நிறைய உண்டு. அதற்கு மேற்கே பொன்மலையில் 1928 முதல் ரயில்வே பணிமனை இயங்கி வருகிறது. கடைசலும் பற்றவைப்பும் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. இத்தகைய ஓர் ஊரில், பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தி மறுபடி ஓடச் செய்ய முடியுமா? முடியும். நம் நாட்டில் எண்பது ஆண்டுகளாகவே அது நடந்து வருகிறது.

நம் கிராமத்தார் ‘பிளஷர்’ என்று அழைத்த வண்டிகளில் பல அமெரிக்க வகையைச் சேர்ந்தவை. 1926-ல் ஃபோர்டு நிறுவனம் இந்தியக் கிளையைத் தொடங்கியது. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. (ஃபோர்டின் இந்தியக் கிளை, அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் கீழ் அன்று, கனடா நிறுவனத்தின் கீழ் இருந்தது. பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் வணிகம் கனடா வழியே நடந்ததால் அந்த ஏற்பாடு.) 1947-ல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லரின் உரிமம் பெற்று டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டியது. மூன்றும் பெயரளவில்தான் வேறு; உள்ளே பெரும்பாலும் ஒரே வண்டி.

பிறகு வாசல் மூடியது. வெறுமனே பூட்டுவது போதாது, படிப்படியாக இங்கேயே உறுப்புகளைத் தயாரிக்க வேண்டும் என்று 1953-ல் அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் வெளியேறின. இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டதால், இருந்த வண்டிகளையே காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. வீட்டுப் பட்டறை வித்தை வளர்ந்தது ஆசையால் அன்று, இந்தக் கட்டாயத்தால்தான்.

இதற்கு ஒரு முன்னோட்டம் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே நடந்தது. பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது, வண்டியின் பின்புறம் ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்தினார்கள். டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனமும் இக்கருவியைத் தயாரித்தது. அடுப்பில் மரக்கரி போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதை வடிகட்டி, குளிர்வித்து, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனும் கூடவே வந்துவிடுவதால் வாயுவில் பாதிக்கு மேல் எரியாப் பொருளே. திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்த வாயு நிறமும் மணமும் அற்ற நஞ்சு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த மாற்றம் டீசல். 1950களில் சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் போவதே பெரிது என்றிருந்த பிளிமத்தை வைத்திருந்தவர் என்ன செய்வார்? பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி, டீசல் எஞ்சினைப் பூட்டினார். அமெரிக்க உடம்புக்கு ஆங்கிலேய இதயம்!

இது சொல்வதற்கு எளிது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போருக்குப் பிந்தைய பிளிமத்தின் 3.57 லிட்டர் எஞ்சின், நிமிடத்திற்கு 3600 சுற்றில் 95 குதிரைத் திறன் தரும். பெர்க்கின்ஸ் பி-6 எஞ்சினோ 4.7 லிட்டர் கொண்டது. 2400 சுற்றுக்கு மேல் போகாது. பின் அச்சின் பல் விகிதம் 3.9, சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும். அப்படியானால் பழைய எஞ்சினுடன் மணிக்கு சுமார் 122 கிலோமீட்டர் வேகத்திற்கு இடமுண்டு, டீசலுடன் 81தான். வேகம் வேண்டுமென்றால் பின் அச்சின் கிரவுன்-பினியனையும் மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றைத் தொடாமல் விட முடியாது.

எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்க இடைத்தகடு ஒன்றைக் கடைந்து எடுப்பார்கள். கைத்திறனின் சோதனை இங்கேதான். இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். பட்டறையில் ‘நூல்’ என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இங்கே அரை நூல் விலகினாலும் பேரிங்கும் கிளட்ச்சும் விரைவில் தேய்ந்து போகும்.

மின்சாரத்திலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. அக்கால அமெரிக்கக் கார்களில் 6 வோல்ட் பேட்டரி. 36 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியரே போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் இழப்பு கால் பங்காகிறது. அம்பாசடர் காரின் 12 வோல்ட் உறுப்புகள் எங்கும் கிடைத்தது நல்வாய்ப்பு. பல்புகளை மாற்றியே ஆக வேண்டும். பிளிமத்தில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டிச் சட்டத்துடன் இணைந்திருக்கும். இதைக் கவனிக்காமல் இன்றைய ஆல்டர்னேட்டரைப் பூட்டினால் அதன் டயோடுகள் நொடியில் கருகிவிடும்.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் பலர் பிரேக்கை மறந்தார்கள் என்பதே என் குறை. அந்தக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்த் தடம். ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கும் போயிற்று. இரட்டைத் தடம் அமெரிக்காவிலேயே 1968-ல்தான் கட்டாயமாயிற்று. முன்புறம் கனத்த டீசல் எஞ்சினைச் சுமந்துகொண்டு ஒற்றைத் தடப் பிரேக்குடன் ஓடுவது உயிரோடு விளையாட்டு. முற்றத்தில் காரைப் பிரிப்பவர் முதலில் செலவழிக்க வேண்டியது வண்ணப் பூச்சுக்கு அன்று, இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கே.

இப்போது ஒரு சிக்கல். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் சட்டகமும் உடலும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். அப்படியானால் 1970களில் டீசல் பூட்டிய பிளிமத்? பழைய எஞ்சினைத் தேடிப் பூட்டினால்தான் அதற்கு அந்த மதிப்பு. மூல வடிவம் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நம் மேஸ்திரிகள் கடைந்த இடைத்தகட்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு, அமெரிக்கத் தொழிற்சாலையின் நினைவை மட்டும் காப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தத் தகடும் ஓர் ஆவணம்.

உங்கள் ஊரில் அத்தகைய வண்டி எங்கேனும் சாய்ப்பின் கீழ் நின்றால், திருகாணியைத் தொடுமுன் பதிவுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் எண் அடித்துத் திருத்தப்பட்டிருக்கும். ‘பெட்ரோல்’ என்பதன் மேல் ‘டீசல்’ என்று எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் தேதியும் இருக்கும்.