செருப்பு ஏன் கடிக்குது? வாணியம்பாடியிலிருந்து ஒரு வரலாறு

புது ஷூ போட்ட முதல் நாளே குதிகால்ல தோல் உரிஞ்சு, பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு நடந்திருப்பீங்க. அந்தக் கடிக்கு ரெண்டு காரணம் உண்டு: ஒண்ணு உராய்வு, இன்னொண்ணு ரசாயனம். ரெண்டுக்கும் வாணியம்பாடி டேனரிகளோட தொடர்பு இருக்கு.

பழைய முறையில், தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் பதப்படுத்துவார்கள். உறுதியான தோல்தான். ஆனால் நனைஞ்சு காய்ஞ்சா விறைச்சுடும். அந்த விறைத்த ஓரம் வியர்த்த காலில் உரசினால் புண்தான். புதுச் செருப்புக்கு எண்ணெய் தடவும் பழக்கம் இதுக்குத்தான்.

1884-ல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர், குரோமியத்தால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1903 வாக்கில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சோதித்துப் பார்த்தார். ஷூவுக்காக இல்லைங்க, கவலைக்காக! கிணற்றில் நீர் இறைக்கும் அந்தத் தோல்பை தண்ணீரில் சீக்கிரம் அழுகிவிடும். குரோம் தோல் தாங்கியது. மென்மையாவும் இருக்கு, வேலையும் சீக்கிரம் முடியுது. பின்னாளில் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமும் குரோம் பரவியது.

உராய்வு குறைஞ்சுது. ரசாயனம் வந்துச்சு. பதனிடுவதில் கவனம் தப்பினால், தோலில் உள்ள குரோமியத்தில் கொஞ்சம் 'குரோமியம் 6' ஆக மாறும். வியர்வை அதைச் சருமத்துக்குக் கொண்டுவரும். சிலருக்கு அரிப்பு, தடிப்பு, கொப்புளம். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் லேசில் போகாது. அதனால்தான் 2015 மே முதல், சருமத்தில் படும் தோல் பொருட்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குரோமியம் 6 இருந்தால் விற்கக் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம்.

சரி, நாம என்ன செய்யலாம்? ஓரம் உரசும் இடத்தில் மட்டும் புண் என்றால் உராய்வு: காய்ந்த சாக்ஸ், கொஞ்சம் வாசலின், முதல் சில நாள் குறைந்த நேரம். பட்டை படும் இடமெல்லாம் சிவந்து அரித்தால் அந்தச் செருப்பைக் கழற்றிவிட்டு, தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்க.

ஆனா ஒரு விஷயம். அந்த 3 மில்லிகிராம், ஷூ போடும் காலுக்கான கணக்கு. அதற்கு முன்னாடியே சுண்ணாம்பு, அமிலம், குரோம் மூன்றிலும் நனையும் கை ஒன்று வாணியம்பாடியில் இருக்கு. ரப்பர் கையுறை, பூட்ஸ் கொடுத்தால் மட்டும் போதாது. உள்ளே தண்ணீர் புகுந்தால், டைவிங் சூட் போட்டவர் படும் அதே அவஸ்தை: ஊறிய சருமம், உரசும் ரப்பர். உள்ளே காய்ந்த துணியுறை வேணும், நனைஞ்சதும் மாற்ற இன்னொரு ஜோடி வேணும், கை கழுவ நல்ல தண்ணீர் வேணும்.

பாலாற்றங்கரையில் அந்த நல்ல தண்ணீர் எங்கே போச்சு? அடுத்த எபிசோட்ல பேசுவோம்.