மதிப்பும் முறையீடும்: மும்பை வீட்டுவரியில் எஞ்சியிருக்கும் வாதம்

மும்பை மாநகராட்சி விதிக்கும் வீட்டுவரியை எதிர்த்து ஒருவர் முறையிடுவதற்குரிய வழி, 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்திலே வகுக்கப்பட்டு, பெருமாறுதல் எதுவுமின்றி இன்றளவும் நிலவி வருகிறது. ஆனால் அவ்வழியே சென்று அவர் எதைப் பற்றி வாதாடலாம் என்பதோ 2010 ஏப்ரல் முதல் தேதியோடு அடியோடு மாறிவிட்டது. உரிமையின் உருவம் அப்படியே இருக்க அதன் உள்ளடக்கம் குறுகிவிட்டது என்பதும், அக்குறுகலின் விளைவு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் ஒரே விதமாக இல்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முறையீட்டின் கிரமத்தை முதலில் பார்ப்போம். ஒரு கட்டடத்தின் மதிப்பு உயர்த்தப்படும்போதோ, அது முதன்முறையாக வரிப்பதிவேட்டில் ஏறும்போதோ, உரியவருக்குத் தனி நோட்டீஸ் போக வேண்டும். அதில் குறித்த நாளுக்குள் அவர் ஆணையருக்கு எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும். காரணங்கள் சுருக்கமாகவும் அதே சமயம் முழுமையாகவும் சொல்லப்பட வேண்டும் என்று 163-ஆம் பிரிவு கேட்கிறது. (இவ்விரு குணங்களையும் ஒரே மனுவில் கண்ட நீதிபதி யாரேனும் உண்டோ என்பது வேறு விஷயம்.) ஆணையரின் முடிவு திருப்தி தராவிடில் 217-ஆம் பிரிவின்படி சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியிடமும், அதன் பிறகு உயர் நீதிமன்றத்திடமும் செல்லலாம். ஆனால் பில் வந்த பின்னர் செய்யும் மேல்முறையீடு, கேட்ட தொகையை முன்கூட்டிக் கட்டினாலன்றி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படாது. அகமதாபாத்தைச் சேர்ந்த அனந்த் மில்ஸ் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனை செல்லும் என்றே தீர்த்தது. மேல்முறையீடு சட்டம் தரும் உரிமையாதலின் அதற்கு நிபந்தனை இடும் அதிகாரமும் சட்டத்துக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் நியாயம். அடுக்கு வீடுகளிலோ பில் பெரும்பாலும் கூட்டுறவு சொசைட்டியின் பேருக்கே வருகிறது. ஆகவே ஆட்சேபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர் அல்லர், செக்ரட்டரி. அவர் மராத்தி நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஓய்வுபெற்ற மனிதராக இருந்துவிட்டால், காலக்கெடு அவர் மேஜையிலேயே கழிந்துவிடுவதும் உண்டு.

பழைய முறையில் வாதத்துக்கு விஷயம் நிறைய இருந்தது. ஒரு கட்டடத்தை ஆண்டுக்கு ஆண்டு வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாமோ, அத்தொகையில் பழுதுபார்ப்பு முதலியவற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதையே வரிக்குரிய மதிப்பாகக் கொள்ளும்படி 154-ஆம் பிரிவு கூறியது. இவ்வாசகத்தின் மூலத்தை 1836-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வரிமதிப்புச் சட்டத்திலே காணலாம். சொந்த வீட்டில் குடியிருப்பவரும் தம்மையே அவ்வீட்டுக்கு வாடகை பேச வந்த குடித்தனக்காரராகப் பாவித்துக்கொள்ள வேண்டும். இக்கற்பனை வினோதமாகத் தோன்றினாலும் அதில் ஒரு பெரும் வசதி அடங்கியிருந்தது: அடுத்த வீட்டு வாடகை என்ன, தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது, லிஃப்ட் இல்லாத நான்காம் மாடிக்கு யார் ஏறி வருவார்கள் என்பவற்றுக்கெல்லாம் சாட்சி சொல்ல நிபுணர் வேண்டியதில்லை; அவ்விடத்தில் வாழ்கிறவரே போதும்.

இதனால் பழைய முறை நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. 1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் தேதியில் வாடகைக்கு விடப்பட்டிருந்த இடங்களுக்கு அன்றைய வாடகையையே அளவுகோலாக வைத்தது. வரிமதிப்பு அந்த நியாய வாடகைக்கு மேற்படக்கூடாது என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் நிலைநாட்டி, 1980-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ள தேவான் தௌலத் ராய் கபூர் தீர்ப்பில், சொந்தக்காரர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கும் அதை விரித்தது. விளைவு என்ன? பிளேக் நோய்க்குப் பின் 1898-இல் தோன்றிய நகர மேம்பாட்டு டிரஸ்ட் மனை வகுத்த மாட்டுங்காவில், தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பகடி வாடகையில், அதாவது முதலில் ஒரு தொகை கொடுத்துக் குறைந்த வாடகைக்குப் பெற்ற குடியிருப்பில், வாழும் பழைய கட்டடங்கள் அற்ப மதிப்பிலே உறைந்து நின்றன. பின்னாளில் கடன் வாங்கிச் செம்பூரில் புது ஃபிளாட் கட்டிக் குடியேறியவர்களோ, அதைவிட மலிவான மண்ணில் இருந்துகொண்டு அதிக வரி செலுத்தினார்கள். இந்த அநீதியைத் தீர்க்கவே மூலதன மதிப்பு முறை வந்தது என்பதை மறுக்க இயலாது.

நோய் சரியாகவே கண்டறியப்பட்டது. மருந்தில்தான் எனக்கு ஆட்சேபம். புதிய முறையில் முத்திரைத் தீர்வைக்காக மாநில அரசு வெளியிடும் ரெடி ரெக்னர் விலை, அதாவது தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்று நாம் அறிந்தது, அடிப்படையாக எடுக்கப்பட்டு, பரப்பளவு, உபயோகம், கட்டுமான வகை, வயது, மாடி ஆகியவற்றுக்குரிய எண்களால் பெருக்கப்படுகிறது. கட்டடத்தின் வயதைத் தவறாக எழுதிவிட்டார்கள், பரப்பைக் கூட்டிவிட்டார்கள் என்று முறையிடலாம். அடிப்படை விலையே தவறு என்று முறையிட வீட்டுக்காரருக்கு இடமில்லை, ஏனெனில் அப்பட்டியலைக் கொள்ளும்படி பணிப்பது சட்டத்தின் வாசகமே. அவர் வாதம் கணக்குத் திருத்தமாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பட்டியலுக்கு இத்தனை கௌரவம் பிற இடங்களில் உண்டா என்று பார்த்தால், இல்லை. நிலம் கையகப்படுத்தலில் நஷ்டஈட்டை நிர்ணயிக்க முத்திரைத் தீர்வைக்கான மதிப்புப் பதிவேடு ஆதாரமாகாது என்று 1994-இல் ஜவாஜி நாகநாதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. தமிழ் வாசகர்கள் மறக்க முடியாத டான்சி நில வழக்கிலோ, வழிகாட்டி மதிப்பு முடிவான சந்தை விலை ஆகாது, முதல் நோக்கில் கொள்ளும் ஓர் அளவே என்று 2003 நவம்பரில் அந்நீதிமன்றமே உரைத்தது. ஒரு முதலமைச்சரின் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை நிலைநிறுத்தப் போதாத பட்டியல், செம்பூர் ஆசிரியர் ஒருவரின் வீட்டுவரிக்கு மட்டும் மறுக்கவொண்ணாப் பிரமாணமாவது எங்ஙனம்?

ஒவ்வொருவரும் விலையை மறுக்கப் புகுந்தால் நிர்வாகம் நடக்குமா என்று கேட்கப்படும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொருவரும் வாடகையை மறுக்க உரிமை பெற்றிருந்த நகரத்தில் மாநகராட்சி முடங்கிப் போய்விடவில்லை என்பதே இதற்குப் போதிய விடை.

தனி மனிதரின் வாதம் குறுகிய பின், சச்சரவு விதிகளின் மேல் திரும்பியது. அதைத் தொடுக்கும் சக்தி சங்கங்களுக்கே உண்டு. சொத்து உடைமையாளர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் மூலதன மதிப்பு விதிகளுள் 20, 21, 22 ஆகியவற்றைச் செல்லாதவை ஆக்கியது. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அம்முடிவை உறுதி செய்தது. நிலத்தின் இன்றைய நிலையைப் பார்த்தே மதிப்பிட வேண்டும், நாளை அதில் எவ்வளவு கட்டலாம் என்ற எதிர்கால வாய்ப்பைப் பார்த்தன்று என்பது அதன் சாரம். இதற்கிடையே 2022 புத்தாண்டு தினத்தில், 500 சதுர அடிக்கு, அதாவது 46.45 சதுர மீட்டருக்கு, மேற்படாத வீடுகளுக்கு வரி முழுவதும் தள்ளுபடி என்று மாநில அரசு அறிவித்தது. மாட்டுங்காவின் சிறு வீடுகள் பலவும் இதனால் விவகாரத்திலிருந்தே விலகிக்கொண்டன. மிச்சமுள்ளவர்களுக்கு அளவு நாடாவே பிரதான சாட்சியாயிற்று.

தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் சந்ததியார் வாழும் அவ்விடத்தில், வரிப்பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு ஆட்சேபிக்க எதுவுமே இருந்ததில்லை. மாநகராட்சியின் 2025-26 வரவுசெலவுத் திட்டமோ, குடிசைப் பகுதிகளில் வியாபாரத்துக்கு உபயோகமாகும் இடங்கள் குறைந்தது 50,000 இருக்கும் என்று கணித்து, அவற்றிலிருந்து ரூ.350 கோடி வருமானத்தை எதிர்பார்த்தது. சட்டவிரோதக் கட்டடத்துக்கு வரி வாங்குவதால் அது சட்டபூர்வம் ஆகிவிடாது என்பது பொது விதி; ஆயினும் வரியோடு நோட்டீஸும், நோட்டீஸோடு 163-ஆம் பிரிவும் வருகின்றன. கீழே நான்கு தையல் இயந்திரங்களும், மேலே போட்மாலா என்று பம்பாய்க்காரர் வழங்கும் பரணில் ஒரு குடும்பமும் இருக்குமானால், எது கடை, எது வீடு? பரணையும் கடைப் பரப்பிலே சேர்ப்பதா, 46.45 சதுர மீட்டர் சலுகைக்கு உட்படுத்துவதா? இது வெறும் கணக்குத் திருத்தம் அன்று. பழைய சட்டத்தின் குடித்தனக்காரர் எழுப்பியிருக்கக்கூடிய உண்மையான கேள்வி. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. தாராவி மறுநிர்மாணத் திட்டத்தை முன்னிட்டு அந்நிலத்தின் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் நாளை எழப்போகும் கோபுரங்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். அவ்வெதிர்பார்ப்பு பட்டியல் விலையிலும் ஏறிவிடுமானால், தகரக் கூரையின்கீழ் இட்லி அவிப்பவர் கோபுரத்துக்கு உரிய வரியைக் கட்ட நேரும். 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சங்கங்கள் வென்றது தங்கள் மனைகளுக்காகத்தான். எனினும் தாராவிக் கடைக்காரர் தம் முதல் ஆட்சேபணை மனுவோடு இணைக்க வேண்டியது, இன்று நிற்கும் கடையின் புகைப்படமும் அத்தீர்ப்பின் பிரதியுமே ஆகும்.